மாடியில்லாத ஊர்

குழாயில் தண்ணீர் வருகிறது என்று இஸ்திரிக்காரர் கத்தினால் அந்தத் தெருவில் ஒருத்தரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்கள். ஏணியைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள்.

மத்தியான வேளையில் அங்கே குழாயில் தண்ணீர் வந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. அதனால் அந்தக் கூப்பாட்டுக்குத் தெருவே கூடி வேறு வேலை கொடுத்திருந்தது. வீட்டு வரிக்கு அளக்க வருகிற நகராட்சி அளவைக்காரர், தோளில் பையும் கையில் நாடாவுமாகத் தெருமுனையில் திரும்பினார் என்றால், தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருக்கும் இஸ்திரிக்காரர் தலையைத் தூக்காமலே குரல் கொடுப்பார். "தண்ணி வருது! தண்ணி வருது!" அளவைக்காரர் காதிலும் அது விழத்தான் செய்யும். பரவாயில்லையே, மத்தியானத்திலும் தண்ணீர் விடுகிறார்களே என்று நினைத்துக்கொள்வாரோ என்னவோ.

விஷயம் இவ்வளவுதான். ஏறிப்போக வழியில்லாத இடத்துக்கு வரி கிடையாது என்று நகராட்சியில் ஒரு பழைய விதி இருந்தது. போனால் போகிறது, பரணுக்கெல்லாம் வரி வாங்க வேண்டாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்தது. ஊரே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, அந்தத் தெருவும்தான். அங்கே மாடி இல்லாத வீடு கிடையாது. படிக்கட்டு இருக்கிற வீடும் கிடையாது. ஒவ்வொரு வீட்டுப் பின்சுவரிலும் ஆள் எட்டாத உயரத்தில் ஒரு கதவு மட்டும் அந்தரத்தைப் பார்த்துத் திறக்கும். அதில் ஏணியைச் சாத்தி ஏறுவார்கள், இறங்குவார்கள். அளக்கிற நாளில் மட்டும் ஏணி கண்ணில் படக் கூடாது. பின்சந்தில் பெயிண்டரின் கொட்டகை இருந்தது. வெள்ளையடிக்கிறவன் கொட்டகையில் எத்தனை ஏணி கிடந்தாலும் ஏன் என்று யார் கேட்கப்போகிறார்கள்? எல்லா ஏணியும் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். அளவைக்காரர் தலை மறைந்ததும் வீடு திரும்பும்.

மற்றவர்கள் இதை ஒரு விளையாட்டு மாதிரிதான் செய்தார்கள். எதிர்வீட்டுக்காரி தன் மூன்று பிள்ளைகளையும் மேலே விட்டுக் கதவைச் சாத்தும்போது, "ஊமை விளையாட்டு! யாரு கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலையோ அவங்களுக்கு மிட்டாய்" என்பாள். பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிடும். அவளுக்கு வெண்கலக் குரல். தெருவில் அவள் பேசினால் சந்தில் காக்கை பறக்கும். அந்த வயிற்றில் பிறந்த பிள்ளைகள் ஊமை விளையாட்டில் இவ்வளவு கெட்டிக்காரர்களாக இருப்பதைப் பார்த்துத் தெருவே சிரிக்கும்.

தையல்காரிக்கு மட்டும் சிரிப்பு வராது. அவள் வீட்டுக்காரர் அதே நகராட்சியில் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நகராட்சிச் சம்பளம் வாங்குகிறவரே நகராட்சிக்குத் தெரியாமல் மாடியில் குடும்பம் நடத்துகிறார் என்று வெளியே வந்தால், வேலையும் போகும், கடைசிக் காலத்துக்கு நம்பியிருக்கிற ஓய்வூதியமும் போகும். அந்தப் பயம் அவளுக்குச் சாப்பிடும்போதும் இருக்கும், தைக்கும்போதும் இருக்கும்.

மாடி வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டுக் கட்டவும் இல்லை. தெருச் சாக்கடையைத் தூர்வார நகராட்சியில் ஆள் கிடையாது. ஒரு மழை அடித்தால் போதும், சாக்கடைத் தண்ணீர் சம்பந்தி வீட்டார் மாதிரி முன்வாசல் வழியாகவே உள்ளே வந்துவிடும். வந்தால் லேசில் போகாது. கீழ் அறைச் சுவரெல்லாம் இடுப்பளவு ஓதம். தையல் மெஷினின் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தாள். சாக்கடைக்கு ஏன் ஆள் போடவில்லை என்று கேட்டால், வரி வரவில்லை என்பார்கள். வரி ஏன் வரவில்லை என்றால், ஊரே மாடியில் ஒளிந்திருக்கிறது. மாடிக்கு ஏன் போனாய் என்றால், சாக்கடை. நாய் தன் வாலைத் துரத்துகிற கதைதான். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

அந்த வருஷம் அவள் பயத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. மகள் எட்டாம் மாத வயிற்றோடு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் தூரத்தில் வேலை. கீழே ஓதமும் நாற்றமும் கொசுவும். பிள்ளைத்தாய்ச்சியை அதில் படுக்கவைக்க மனசு வரவில்லை. மேலேதான் காற்றும் வெளிச்சமும் இருந்தது, சின்னதாக ஒரு கழிப்பறையும் இருந்தது. வயிறு பெருத்தபின் ஏணியில் ஏறி இறங்க வேண்டாம் என்று அவளை மேலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கீழ் அறைக் கூரையில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, அதில் கயிறு விட்டு, சின்னத் தூக்குவாளியில் கஞ்சியும் வேகவைத்த முட்டையும் பாலும் போகும். காலிப் பாத்திரம் இறங்கும். கூடவே மகளின் குரலும் இறங்கும். "அம்மா, முட்டையில உப்பே இல்ல." "அப்பா வந்தாச்சா?" மேலே ஒரு பல்புக்கு மட்டும்தான் மின்சாரம் இழுத்திருந்தார்கள். அதனால் மகளின் போனுக்குக் கீழேதான் சார்ஜ் போட வேண்டும்.

அன்றைக்குக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது டிரைவர் பாதிக் கஞ்சியோடு கையைக் கழுவிவிட்டார்.

"ஏன், நல்லா இல்லையா?"

"கஞ்சிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் எறங்கல. நம்ம வண்டியில இருந்த நீள ஏணி இத்துப்போச்சுன்னு சொன்னேன்ல? புதுசு கேட்டிருந்தோம். இல்லைன்னுட்டாங்க."

"காசு இல்லையாமா?"

"காசு இல்லைங்கறது இருக்கட்டும். ஊர்ல மாடியே இல்லையாமே! கணக்குப்படி எல்லாரும் தரையிலதான் இருக்காங்களாம். தரையில இருக்கறவங்களுக்கு நீள ஏணி எதுக்குன்னு ஆபீஸ்ல பெரியவர் கேக்கறாரு. இருக்கிற குட்டை ஏணி போதுமாம். நான் என்னத்தச் சொல்ல? ஐயா, என் வீட்லயே ஒரு மாடி இருக்குதுன்னா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. கயிறு இல்லாம கிணத்துல எறங்கச் சொல்ற மாதிரி இருக்கு எனக்கு. எங்கயாவது மாடியில ஒண்ணு ஆச்சுன்னா, கீழ நின்னு அண்ணாந்து பாக்கறதுக்கா நான் சைரன் அடிச்சுக்கிட்டுப் போகணும்?"

"நல்ல வார்த்தை சொல்லிட்டுக் கெளம்புங்க," என்றாள் அவள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வானம் மூடிக்கொண்டு காற்றே இல்லாமல் புழுங்கியது. அவள் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கடைக்கு மொத்தமாகத் தைத்துக் கொடுக்கிற வேலை. மூன்று பக்கம் அடித்து, வாயை மடித்துத் தைத்து, திருப்பிப் போட வேண்டும். மேலே மகள் நடக்கிற சத்தம் கேட்டது. போவதும் வருவதுமாக இருந்தாள்.

"என்னடி, நடந்துக்கிட்டே இருக்க?" என்று ஓட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. இடுப்பு லேசா கடுக்குது. சூட்டு வலியா இருக்கும்."

"கஞ்சித் தண்ணி அனுப்பவா?"

"வேணாம்மா. சரியாயிடும்."

அந்த நேரம் பார்த்துத்தான் தெருமுனையில் குரல் எழுந்தது. "தண்ணி வருது! தண்ணி வருது!"

அவள் பின்பக்கம் ஓடினாள். சந்தில் அதற்குள் ஏணிகள் போய்க்கொண்டிருந்தன. எதிர்வீட்டுக்காரி தன் ஏணியைக் கொட்டகையில் போட்டுவிட்டு, இவளுக்கு ஒரு கை கொடுக்க வந்து நின்றாள்.

தையல்காரி ஏணியைப் பிடித்தபடி மேலே பார்த்தாள். மகள் கதவோரம் வந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்த மாதிரி இருந்தது. மூடிய வானத்து வெளிச்சத்தில் எல்லோர் முகமும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமே. இன்னிக்கு ஒரு நாள் எடுக்காம விட்டா என்ன?"

"அக்கா, உங்களுக்கு என்ன பைத்தியமா?" எதிர்வீட்டுக்காரி தன் வெண்கலக் குரலை அடக்கிச் சொன்னாள். "உங்க ஒரு ஏணி இருந்தா, அப்புறம் எல்லா வீட்டுப் பின்பக்கமும் போய்ப் பாப்பான். அண்ணன் வேலைய யோசிங்க. பெயிண்டர் வேற பூட்டிட்டு வேலைக்குக் கெளம்பறாரு."

"எடுத்துட்டுப் போம்மா," என்றாள் மகள். "நான் சத்தம் போடாம படுத்துக்கறேன். அரை மணி நேரந்தானே?"

ஏணி போயிற்று. மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். தூக்குவாளிக் கயிற்றையும் மேலே இழுத்துக்கொண்டு, ஓட்டையைக் கந்தல் துணியால் அடைத்துவிட்டாள். இவள் உள்ளே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மகளின் போன் மெஷின் பலகையிலேயே சார்ஜில் கிடந்தது. அதை எடுத்துத் துணிக்கடியில் மறைத்து வைத்தாள்.

அளவைக்காரர் வர நேரமாயிற்று. முன்னாலிருக்கும் வீடுகளில் ஒவ்வொன்றாக அளந்துகொண்டு வந்தார். மேலே திரும்பவும் நடக்கிற சத்தம். படுத்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் ஏன் நடக்கிறாள்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் தையல்காரி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். மிதி மிதி என்று மிதித்தாள். பழைய மெஷின், தடதடவென்று வீடே அதிரும். அந்தச் சத்தத்தில் மேலே யானை நடந்தாலும் கேட்காது.

அளவைக்காரர் ஒல்லியான மனிதர். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திட்டு வாங்கியே பழகிப்போனவர் போல வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வரலாமாம்மா? சீக்கிரம் முடிச்சிடறேன்."

"வாங்க சார்." அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? இப்பத்தானே குழாய்ல தண்ணி வந்தது."

"அந்தப் பானையில இருக்கு சார். எடுத்துக்கோங்க."

அவர் மொண்டு குடித்தார். சுவரின் ஓதத்தைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். பிறகு மெஷினைப் பார்த்தார்.

"ஊசியில நூலே இல்லையேம்மா."

அவள் ஊசியைப் பார்த்தாள். "அறுந்துபோச்சு சார். கோக்கணும்."

"அப்ப ஒரு நிமிஷம் எழுந்து நாடாவோட நுனியப் புடிங்களேன். கூட வர வேண்டிய ஆள ஆபீஸ்ல நிறுத்திட்டாங்க. சம்பளம் குடுக்க முடியலையாம். நான் ஒருத்தனே எப்படி ரெண்டு சுவரப் புடிக்கறது?"

வேறு வழியில்லை. அவள் காலை எடுத்தாள். மெஷின் நின்றது. வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. அவள் இந்தச் சுவரோரம் நுனியைப் பிடித்து நின்றாள். அவர் நாடாவை இழுத்துக்கொண்டு அந்தச் சுவருக்குப் போனார்.

அப்போதுதான் கேட்டது. நடக்கிற சத்தம் இல்லை. எதையோ தரையில் இழுக்கிற மாதிரி. அதன் பிறகு ஒரு முனகல், வாயில் துணியை அடைத்துக்கொண்டால் வருமே, அந்த மாதிரி.

"பூனையா?" என்றார் அளவைக்காரர்.

"ஆமா சார். பரண்ல குட்டி போட்டிருக்கு."

இதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கே சந்தேகம் வந்தது. எவ்வளவு நேரமாக இந்த முனகல்? மெஷினை மிதித்த நேரமெல்லாம் மகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளா? கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்குமே. கேட்டிருக்காது. கேட்கக் கூடாது என்றுதானே மிதித்தாள். சூட்டு வலியாகவே இருக்கும், எட்டு மாதம்தானே ஆகிறது என்று மனசுக்குச் சொன்னாள். மனசு கேட்கவில்லை. இன்னும் இரண்டு சுவர்தான் பாக்கி, இவர் போய்விடுவார், உடனே ஏணி வந்துவிடும். இன்னும் இரண்டே சுவர்.

"நாடாவ இழுத்துப் புடிங்கம்மா. ஆடுது பாருங்க."

அவள் கைதான் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்தாள்.

கூரை ஓட்டையில் அடைத்திருந்த கந்தல் நனைந்து கனத்திருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தரையில் விழுந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"மேல தண்ணித் தொட்டி சார்," என்றாள். அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது.

அடுத்த சொட்டு நாடாவின் மேலேயே விழுந்தது. அது தண்ணீர் நிறத்தில் இல்லை.

அவள் கையை விட்டுவிட்டாள். நாடா சரேலென்று ஓடி அவர் கையில் போய்ச் சுருண்டுகொண்டது.

"எம் மவ சார்! மேல எம் மவ இருக்கா! மாசமா இருக்கா!"

அளவைக்காரர் கூரையைப் பார்த்தார். "ஏணி எங்கம்மா?"

"கொட்டகையில. பூட்டிக் கெடக்கு. பூட்டிக் கெடக்கு சார்."

"யாரும்மா பூட்டினது?"

அவள் வாசலுக்கு ஓடி, "ஐயோ, பூட்ட உடைங்களேன்! சிட்டுக்கு வலி வந்திடுச்சு!" என்று கத்தினாள். சிட்டு என்றுதான் மகளை வீட்டில் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டுக்காரி வாசலில் கிடந்த கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு கொட்டகையைப் பார்த்து ஓடினாள். பெயிண்டர் போட்டிருந்தது பெரிய பூட்டு. கல்லால் இரும்பை அடிக்கிற சத்தம் தெருவெல்லாம் கேட்டது.

அளவைக்காரர் போனை எடுத்தார். "எங்கம்மா சொல்லணும்? யாரு வருவாங்க?"

"தீயணைப்பு ஆபீசுக்குச் சொல்லுங்க. டிரைவர்கிட்டயே சொல்லுங்க, அவரோட வீடுதான்னு சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, எவருக்குத் தெரியக் கூடாதோ அவர் கையிலேயே கொடுத்தாயிற்று. அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனில் பேசத் தொடங்கினார்.

பூட்டு அசையவில்லை. தையல்காரி துணி வெட்டுகிற மேஜையைப் பின்பக்கம் இழுத்தாள். அளவைக்காரர் மறுமுனையைப் பிடித்தார். சுவரோரம் போட்டு அவள் ஏறி நின்றாள். கை எட்டவில்லை.

"எறங்குங்கம்மா," என்று அவர் மேஜை மேல் ஏறி, சுவரில் கையை ஊன்றிக் குனிந்தார். "என் தோள்ல ஏறுங்க."

"ஐயோ சார், எப்படி சார்..."

"கூச்சப்படற நேரமா இது? ஏறுங்க!"

வரி போட வந்த மனிதரின் தோளில், சாக்கடைச் சேறு பட்ட காலோடு அவள் ஏறி நின்றாள். அவர் முக்கிக்கொண்டே நிமிர்ந்தார். பேரப்பிள்ளை எடுக்கப்போகிற வயசில் ஒரு பெண் பிள்ளை இப்படிச் சுவரேறுவதைச் சந்தே நின்று பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவள் கதவை இடித்துத் திறந்து, நிலைப்படியைப் பிடித்து, வயிற்றைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தாள்.

மகள் ஓட்டைக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். நகர்ந்து நகர்ந்து அங்கே வந்திருக்கிறாள். தலையணை உறை ஒன்றைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டிருந்தாள். அம்மா தைத்த உறைதான். அதை எடுத்ததும் முதல் கேள்வி, "அவரு போயிட்டாரா?" என்பது.

"போயிட்டாருடி கண்ணு. கத்து. நல்லா வாய்விட்டுக் கத்து."

அவள் கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பில்லை. தையல்காரி மகள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். புடவை நனைந்தது. வெளியே கல் பூட்டில் விழுந்துகொண்டே இருந்தது. எங்கே பிள்ளை போய்விடுமோ, எங்கே பிள்ளையோடு சேர்ந்து இவளும் போய்விடுவாளோ என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

சைரன் கேட்டது. வண்டி சந்துக்குள் வர முடியாது. சாக்கடை மேல் போட்டிருந்த பலகைக்கல் பாதி உடைந்தே கிடந்தது. மாற்றித் தரச் சொல்லித் தெரு கேட்டுக்கொண்டிருந்த கல். டிரைவர் இறங்கிப் பார்க்கவே இல்லை. பின்புறமாகவே வண்டியை விட்டார். கல் இரண்டாகப் போயிற்று, ஒரு சக்கரம் சாக்கடையில் இறங்கி, பம்பரம் மாதிரிச் சுற்றி, எப்படியோ ஏறி வந்தது. குட்டை ஏணியை எடுத்துச் சாத்தினார்கள். அது பாதிச் சுவரோடு நின்றுவிட்டது. அதற்குள் பூட்டை உடைத்து வீட்டு ஏணியைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அந்த நிலையில் இருக்கிறவளை ஒற்றை ஏணியில் எப்படி இறக்குவது? டிரைவர் வண்டியைச் சுவரோடு உரசி நிறுத்தி அதன் தலைமேல் ஏறினார். மேல் கதவைக் கீலோடு பெயர்த்து, அதில் மகளைப் படுக்கவைத்து, வண்டியிலிருந்த கயிற்றால் கட்டி, வண்டித் தலைக்கும் அங்கிருந்து ஏணி வழியாகத் தரைக்கும் கை மாற்றிக் கை மாற்றி இறக்கினார்கள். கதவின் ஒரு மூலையை அளவைக்காரர் பிடித்திருந்தார். டிரைவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று சொன்னாள். மகள் பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை. உள்ளங்கை அகலம்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பால் குடிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. தையல்காரி கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து அதன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து டிரைவர் அந்தத் தாழ்வாரத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளு ஒண்ணும் எழுதலையாம். ஆபீஸ்ல நைசா விசாரிச்சேன். நம்ம தெருவப் பாதியில நிறுத்தியிருக்கறதா மட்டும் சொல்லியிருக்காரு."

"நல்ல மனுஷன்."

"மறுபடியும் வருவாராம். அன்னிக்கு மட்டும் ஏணிய..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தலையில் அடித்துக்கொண்டார். "என்ன பேச்சுப் பேசறேன் பாரு. பழக்க தோஷம். வாயில தானா வருது."

இருவரும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எடுக்க மாட்டேங்க," என்றாள் அவள்.

"வேலை?"

"போனா போகட்டும்னு சொல்ல எனக்குத் தைரியமில்ல. பயமாத்தான் இருக்கு. உங்க வேலை போனா நாளைக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ஆனா அந்த மெஷின மிதிச்சேன் பாருங்க, அவ கூப்பிடக் கூப்பிட மிதிச்சேன். இனிமே அந்தச் சத்தம் எனக்கு ஆகாது."

அவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "வண்டியில ஏணி இல்லாமப் பண்ணுனது அவங்கன்னு இத்தன நாளும் திட்டிக்கிட்டு இருந்தேன்," என்றார். எழுந்து டீ வாங்கப் போனார்.

மகளும் குழந்தையும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அளவைக்காரர் திரும்ப வந்தார். மாற்றுப் புடவை எடுக்க வந்த தையல்காரி வீட்டில் இருந்தாள். தெருமுனையில் அந்தக் குரல் எழுந்தது. இஸ்திரிக்காரரின் குரலில் முன்னைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. சந்தில் ஏணிகள் ஓடின. பெயிண்டர் புதுப் பூட்டு வாங்கியிருந்தார். டிரைவர் வீட்டுப் பின்சுவரில் மட்டும் ஏணி நின்றது, வெட்டவெளிச்சமாக. சந்தில் போகிறவர்கள் அதைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள், பேசாமல் போனார்கள். நல்லது கெட்டதுக்கு முதலில் ஓடி வருகிற ஜனங்கள்தான். அன்றைக்கு ஒருத்தர்கூட முகம் கொடுக்கவில்லை.

அளவைக்காரர் ஏணியின் கீழே நின்று அவளைப் பார்த்தார். "ஏன்மா, இத எடுத்து வைக்கலையா?"

"மேலயும் அளக்கணும் சார்."

"அபராதம் வரும். டிரைவரக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. என்னால தடுக்க முடியாது."

"தெரியும் சார். அவருக்கும் தெரியும்."

அவர் ஏறினார். அவள் பின்னால் ஏறி, கேட்காமலேயே நாடாவின் நுனியை வாங்கிக்கொண்டாள். தரையில் கழுவியும் போகாத கறை இருந்தது. அதன் மேல் காலை வைக்காமல் அவர் சுற்றிக்கொண்டு போனார். நான்கு சுவரையும் அளந்து குறித்துக்கொண்டு, தெருப்பக்க ஜன்னலைத் திறந்தார். நேரெதிரே எதிர்வீட்டின் மேல் ஜன்னல், இறுகச் சாத்தியிருந்தது. அதன் இடுக்கில் ஒரு சின்னச் சட்டையின் நுனி மாட்டிக்கொண்டு வெளியே தொங்கியது.

அவர் அதையே பார்த்தார். "எதிர்வீட்ல மேல யாராச்சும் இருக்காங்களாம்மா?"

கீழே எதிர்வீட்டுக்காரி தன் வாசலில் நின்று அண்ணாந்து இவளைப் பார்த்தாள். பூட்டை உடைத்தபோது நசுங்கிய விரலில் இன்னும் கட்டு இருந்தது. அந்த விரல் இல்லையென்றால் சிட்டு இல்லை. அவள் கண் இவளைக் கெஞ்சியது.

தையல்காரி நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட கேக்காதீங்க சார்," என்றாள். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம். என்ன அளக்கணுமோ சட்டுன்னு அளந்துட்டுத் தெருவ விட்டுப் போயிடுங்க. நீங்க போனாத்தான் அந்த வீட்டுக்கு ஏணி திரும்பி வரும்."

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். எதிர்வீட்டுக்குப் போகிறாரா, தெருமுனைக்குப் போகிறாரா என்று அவள் பார்க்கவில்லை. அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தும்மல், ஒரு சிணுங்கல் கேட்டால்கூடப் போதும் என்றிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் ஊமை விளையாட்டை நன்றாகப் பழகியிருந்தார்கள்.